சாவி கையில் இருந்தது மட்டுமே குற்றமாகுமா?

சட்ட மேசை: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து, திருட்டுச் சந்தேகத்தால் வேலை இழந்தவர்களோ இழக்கும் நிலையில் இருப்பவர்களோ எழுதியவை. ஆகவே இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர், ஊர், நிறுவனம் எதையும் வெளியிடவில்லை.

கேள்வி: இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டுகள் ஸ்டோர் பிரிவில் வேலை பார்த்தேன். 2023ஆம் ஆண்டில் இருப்பைச் சரிபார்த்தபோது செம்புக் கம்பிச் சுருள்கள் குறைந்தது தெரியவந்தது. ஸ்டோர் சாவி என்னையும் சேர்த்து மூன்று பேரிடம் இருந்தது. "திருட்டில் உங்களுக்குத் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறது" என்று எனக்கு மட்டும் சார்ஜ் மெமோ கொடுத்தார்கள். இரவில் கேட் அருகே என்னைப் பார்த்ததாகக் காவலாளி எழுதிக் கொடுத்த தாளை உள்விசாரணையில் தாக்கல் செய்தார்கள். காவலாளியை அழைத்துவரவே இல்லை. இருப்புப் பதிவேட்டின் நகலும் தரவில்லை. அந்த ஆண்டே டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தில் இருக்கிறது. நீதிமன்றம் சாட்சியங்களை மறுபடி பார்க்குமா, அல்லது தண்டனை சரியா என்று மட்டும் பார்க்குமா?

பதில்: இரண்டையும் பார்க்கும். உங்கள் பணிநீக்கம் நடந்தபோது நடப்பில் இருந்தது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ஒரு காலத்தில் நீதிமன்றங்களின் கை மிகவும் கட்டப்பட்டிருந்தது. நிர்வாகத்திடம் நல்லெண்ணம் இல்லை, தொழிலாளியைப் பழிவாங்கியிருக்கிறார்கள், தொழிலாளியின் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்ற இயற்கை நீதி மீறப்பட்டிருக்கிறது, முடிவுக்கு எந்த அடிப்படையும் இல்லை என்பது போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே தலையிடலாம் என்று 1950களில் இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருந்தது. 1971 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த, அந்தச் சட்டத்தின் 11ஏ பிரிவு அந்தக் கட்டைத் தளர்த்தியது. அதன் பொருளை 1973ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியபோது, நிர்வாகம் திருப்தி அடைந்தால் மட்டும் போதாது, குற்றம் நிரூபிக்கப்பட்டிருக்கிறதா என்பதில் தொழிலாளர் நீதிமன்றமே திருப்தி அடைய வேண்டும் என்று தெளிவாக்கியது. சாட்சியத்தை மறுபடி எடைபோடலாம்; குற்றம் நிரூபணமானாலும் தண்டனை அதிகமென்று தோன்றினால் குறைக்கவும் செய்யலாம்.

உங்கள் வழக்கில் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும் கேள்வி, உள்விசாரணை முறையாக நடந்ததா என்பதாகத்தான் இருக்கும். குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக ஒருவர் எழுதிக் கொடுத்த தாள் மட்டும் இருந்து, எழுதியவர் வராமலே போனால், அந்தத் தாளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. தாளிடம் எதைக் கேட்பது? பல ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய வழக்கு ஒன்றிலும் இதே போல ஒரு காவலாளி, தொழிலாளி பையோடு போனதைக் கண்டதாக எழுதிக் கொடுத்திருந்தார். அவர் நேரில் வந்தபோது தொழிலாளியின் உதவியாளர் கேட்டது ஒரே கேள்விதான்: நீங்கள் நின்ற இடத்திலிருந்து சைக்கிள் ஸ்டாண்டு தெரியுமா? தெரியாது, நடுவில் ஜெனரேட்டர் ஷெட் இருக்கிறது என்று காவலாளியே சொன்னார். அவர் எழுதிக் கொடுத்த தாளில் சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது, ஷெட் இல்லை. உங்களுக்கு மறுக்கப்பட்டது இப்படி ஒரு கேள்வி கேட்கும் வாய்ப்பு. இருப்புப் பதிவேடும் அப்படித்தான். சரக்கு எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையே குறைந்தது என்பதே அதில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் நீங்கள் விடுப்பில் இருந்திருந்தால்கூட அதைச் சொல்ல உங்களுக்கு வழியில்லாமல் போயிருக்கிறது.

ஆனால் பலர் சறுக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. உள்விசாரணை செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால் வேலை திரும்பக் கிடைத்துவிட்டதாக நினைத்து இனிப்பு கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விசாரணையில் குறை இருந்தாலும், குற்றத்தை நீதிமன்றத்திலேயே புதிதாக நிரூபிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அந்த வாய்ப்பை அது தன் எதிருரையிலேயே, அதாவது உங்கள் மனுவுக்கு நீதிமன்றத்தில் கொடுத்த எழுத்துப் பதிலிலேயே, கேட்டிருக்க வேண்டும் என்பது 2001ஆம் ஆண்டில் கர்நாடக சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான லட்சுமிதேவம்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்திய நிலை. எனவே உங்கள் வழக்கறிஞரிடம் நிர்வாகத்தின் எதிருரையை எடுத்துக் கடைசிப் பத்திகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கோரிக்கை அங்கே இருந்தால் காவலாளி ஒருநாள் கூண்டில் ஏறுவார் என்று எதிர்பார்த்துத் தயாராக வேண்டும்.

அடுத்தது சந்தேகம். உள்விசாரணையிலும்கூடச் சந்தேகம் நிரூபணத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது என்பதை எச்.சி. கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. உங்களுடையதற்கு இன்னும் நெருக்கமானது 2009ஆம் ஆண்டின் ரூப் சிங் நேகி வழக்கு. பஞ்சாப் நேஷனல் வங்கியின் டிராஃப்ட் புத்தகம் திருடுபோனதில் வங்கி ஊழியர் ஒருவருக்குத் தொடர்பு உண்டென்று அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். கோப்பில் இருந்தவை முதல் தகவல் அறிக்கையும் போலீசாரிடம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலமும்தான். ஆவணங்களைத் தாக்கல் செய்தார்களே தவிர, அவற்றில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்ல ஒரு சாட்சியும் விசாரிக்கப்படவில்லை. ஆவணத்தைக் கோப்பில் சேர்ப்பது வேறு, அதன் உள்ளடக்கத்தை நிரூபிப்பது வேறு என்று கூறி, சந்தேகம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் நிரூபணமாகாது என்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. காவலாளியின் தாளுக்கு இந்தத் தீர்ப்பு நேராகப் பொருந்தும்.

எதிர்த்தரப்பு வைக்கப்போகும் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 1977ஆம் ஆண்டின் ரத்தன் சிங் வழக்கில், ஹரியானா பேருந்து நடத்துநர் மீதான விசாரணையில் பயணிகளை விசாரிக்காததைக் குறையாக எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் உள்விசாரணைக்கு இல்லை, நியாயமாகத் தொடர்புடைய ஏதேனும் ஒரு சாட்சியம் இருந்தால் போதும் என்றது. ஆனால் அந்த வழக்கில் பேருந்தை மறித்துச் சோதித்த பறக்கும் படை ஆய்வாளர் நேரில் வந்து சாட்சி சொன்னார். உங்கள் வழக்கில் நேரில் பார்த்ததாகச் சொல்லப்படும் ஒரே ஆள் வரவில்லை. இந்த வேறுபாட்டை உங்கள் வழக்கறிஞர் அழுத்திச் சொல்ல வேண்டும். வழக்கின் கனம் அங்கேதான் இருக்கிறது.

சாவி மூன்று பேரிடம் இருந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டில் தீர்ப்பான ஒரு வழக்கில், பந்தயக் கடை நிறுவனம் ஒன்றின் பெட்டகத்திலிருந்து 1,750 பவுண்டு காணாமல் போயிருந்தது. பெட்டகம் உடைக்கப்படவில்லை. அதைத் திறக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். யார் எடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாத நிர்வாகம் இருவரையுமே நீக்கியது; அது நியாயமான பணிநீக்கமே என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. காரணம், அந்நாட்டுத் தீர்ப்பாயம் கேட்பது தொழிலாளி திருடினாரா என்று அல்ல. திருடியிருப்பார் என்று போதிய விசாரணைக்குப் பின் நியாயமான காரணத்தோடு முதலாளி நம்பினாரா என்று. நம் நாட்டின் 11ஏ பிரிவு முதலாளியின் நம்பிக்கையோடு நின்றுவிடுவதில்லை என்பதால், அந்த வழியை இங்கே அப்படியே எடுத்துவர முடியாது என்பது என் கருத்து. அதைவிட, உங்கள் நிர்வாகம் மூவரில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறது. மற்ற இருவரை ஏன் விட்டார்கள் என்பதற்குக் கோப்பில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சாவி இருந்தது என்ற ஒன்றை உங்களுக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்வது மிகவும் கடினம்.

கேள்வி: என் கணவர் மீது நிறுவனம் போலீசில் திருட்டுப் புகார் கொடுத்தது. குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது. அதற்கு முன்பே உள்விசாரணை நடத்தி வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். தீர்ப்பு நகலைக் கொடுத்தால் வேலைக்கு எடுத்தாக வேண்டுமல்லவா?

பதில்: எடுத்தாக வேண்டும் என்று சொல்ல முடியாது. குற்றவியல் நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணத்தைக் கேட்கிறது. உள்விசாரணையில், நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். எனவே ஒரே சம்பவத்தில் அங்கே விடுதலையும் இங்கே பணிநீக்கமும் ஒருசேர நிற்கலாம்.

அப்படி நிற்க முடியாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அதைச் சொன்ன வழக்கு, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த கோலார் தங்கவயலில் பிறந்தது. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியான பால் ஆண்டனி என்பவரின் வீட்டை 1985 ஜூன் 2 அன்று போலீசார் சோதனையிட்டு, 4.5 கிராம் எடையுள்ள தங்க உருண்டையையும் 1,276 கிராம் தங்க மணலையும் கைப்பற்றியதாகச் சொன்னார்கள். பணி இடைநீக்கம் செய்யப்பட்ட அவருக்கு, அந்தக் காலத்தில் தர வேண்டிய பிழைப்பூதியமும் கொடுக்கவில்லை. சொந்த ஊரில் உடல்நலமில்லாமல் இருந்த அவர் விசாரணைக்கு வரவில்லை. வராமலேயே முடித்து 1986ஆம் ஆண்டில் பணிநீக்கம் செய்தார்கள். மறு ஆண்டு குற்றவியல் நீதிமன்றம், அப்படியொரு சோதனையும் கைப்பற்றலும் நடந்ததே நிரூபிக்கப்படவில்லை என்று கூறி அவரை விடுதலை செய்தது. இரண்டு நடவடிக்கைகளுக்கும் ஒரே சம்பவம், ஒரே சாட்சிகள். அவற்றை நீதிமன்றம் நம்ப மறுத்த பிறகு, ஒருதலையாக நடந்த உள்விசாரணை முடிவை நிலைக்க விடுவது அநியாயம் என்று 1999ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பப் பணியில் சேர்க்க உத்தரவிட்டது.

ஆகவே உங்கள் கணவரின் தீர்ப்பில் நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி வரியை அல்ல, அதற்கு முந்தைய பக்கங்களை. சாட்சிகள் பிறழ்ந்ததால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்திருந்தால் அதன் பயன் குறைவு. சம்பவமே நடந்ததாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தால், உள்விசாரணையிலும் அதே சாட்சிகள்தான் பேசியிருக்கிறார்கள் என்றால், பால் ஆண்டனி தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்கும். இடைநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் வந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது: முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி, 180ஆவது நாள் வரை முக்கால் பங்கு, அதன் பிறகு முழுச் சம்பளம். அது கொடுக்கப்படாததால் விசாரணைக்கு வர முடியாமல் போயிருந்தால் அந்த விசாரணையே ஆட்டம் காணும்.

கேள்வி: நகைக்கடையில் விற்பனைப் பெண்ணாக நான்கு ஆண்டுகள் இருந்தேன். தட்டில் ஒரு ஜோடி கம்மல் குறைந்த அன்று மேலாளர் அறையில் மாலை வரை உட்காரவைத்து, "தவறு நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி வாங்கினார்கள். மறுநாளே "நம்பிக்கை இழப்பு" என்று கூறி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை எதுவும் இல்லை. நான் எடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தது என்னைக் கட்டுப்படுத்துமா?

பதில்: நீங்கள் எழுதிய வாக்கியத்தையே மறுபடி படியுங்கள். தவறு நடந்துவிட்டது என்றுதான் இருக்கிறது. நான் எடுத்தேன் என்று இல்லை. தட்டைச் சரிபார்க்காமல் வைத்ததற்குக் கேட்ட மன்னிப்பாகவும் அதை வாசிக்கலாம். சுயமாக எழுதிய தெளிவான ஒப்புதல் உள்விசாரணையில் வலுவான சாட்சியம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை மணி நேரம் அறையில் இருந்தீர்கள், கைப்பேசியை வாங்கி வைத்தார்களா, வாசகத்தை யார் சொன்னது, வீட்டார் வந்தபோது பார்க்க விட்டார்களா என்பவை சேர்ந்துதான் அது சுயமானதா என்று தீர்மானிக்கும். அவற்றை மறப்பதற்கு முன் இன்றே எழுதிவைத்து, அந்தக் கடிதம் நிர்ப்பந்தத்தில் வாங்கப்பட்டது என்று கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தாமதமாகச் சொல்லப்படும் நிர்ப்பந்தத்தை எந்த நீதிபதியும் எளிதில் நம்புவதில்லை.

நம்பிக்கை இழப்பு என்ற சொல் முதலாளிகளுக்கு மிகவும் பிடித்தமானது. விசாரணை நடத்தும் தொல்லை இல்லாமல் அனுப்பிவிடலாம் என்ற எண்ணம். அது தொழிலாளியின் குணத்தின் மீது விழும் கறை, வெறும் வேலைநீக்கம் அல்ல என்று 1985ஆம் ஆண்டின் சந்து லால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கறை பூசுகிறவர் அதற்கான காரணத்தை விசாரித்து நிறுவ வேண்டும். அத்துடன், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. ஒழுங்கீனத்துக்காக நிறுத்துவதென்றால் முன்னறிவிப்பு வேண்டாம். ஆனால் விசாரணை நடத்தி, திருப்தியான சாட்சியம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் நடக்கவில்லை. அதே பிரிவின் கீழ் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். காலக்கெடு குறுகியது, இந்தப் பத்தியைப் படித்த வாரமே மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி: கேன்டீனிலிருந்து ஒரு லிட்டர் எண்ணெய் எடுத்ததற்காக இருபது ஆண்டு சர்வீஸ் உள்ள என் அண்ணனை நீக்கிவிட்டார்கள். எடுத்ததை அவர் ஒப்புக்கொள்கிறார். தண்டனை அதிகம்தானே?

பதில்: எனக்கும் அதிகமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நீதிமன்றம் அப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கு உறுதி கூற மாட்டேன். போக்குவரத்துக் கழக நடத்துநர்கள் பற்றிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பது, போன தொகை சிறிதா பெரிதா என்பது பொருட்டல்ல, போன நம்பிக்கையே பொருட்டு என்று. 2005ஆம் ஆண்டின் ஏ.டி. மானே வழக்கு அதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. இருந்தாலும் 11ஏ பிரிவின் அதிகாரம் அப்படியே இருக்கிறது. பணத்தையோ சரக்கையோ பாதுகாக்கும் பொறுப்பு உங்கள் அண்ணனிடம் இல்லை, இருபது ஆண்டுகளில் ஒரு மெமோகூட இல்லை, இதே குற்றத்துக்கு வேறொருவருக்குச் சம்பள உயர்வை மட்டும் நிறுத்தினார்கள் என்பன போன்றவற்றை ஆவணத்தோடு காட்ட முடிந்தால் முயன்று பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு இப்போதுதான் சார்ஜ் மெமோ வந்திருக்கிறது. லாரியில் கூடுதல் மூட்டை போனதில் எனக்குப் பங்கு உண்டாம். "உள்விசாரணை என்பது கண்துடைப்பு, போகாதே, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் நண்பர். போகலாமா?

பதில்: கட்டாயம் போங்கள். நண்பர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் அவர் பேச்சைக் கேட்டு வீட்டில் இருந்தவர்களின் வழக்குகள்தான் என் அலமாரியில் அதிகம். முறையாக நடந்த உள்விசாரணையை வைத்து முடிவெடுக்கும்போது நீதிமன்றம் அந்தக் கோப்பில் உள்ளதை மட்டுமே பார்க்கும். புதிய சாட்சியம் எடுக்கக் கூடாது என்று 11ஏ பிரிவே சொன்னது. பிறகு உயர் நீதிமன்றம் வரை போனாலும் அது சாட்சியத்தை மறுபடி எடைபோடாது. அழைப்பு கிடைத்தும் காரணமில்லாமல் போகாதவர், தனக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று பின்னால் சொல்ல முடியாது.

மெமோவுக்குப் பதில் எழுதும் முன் ஆவணங்களை எழுத்துமூலம் கேளுங்கள்: அன்றைய கேட் பாஸ், எடை மேடைச் சீட்டு, லாரியின் வருகைப் பதிவு, சிசிடிவி பதிவின் நகல். லாரி உள்ளே வந்தபோது இருந்த எடைக்கும் வெளியே போனபோது இருந்த எடைக்கும் உள்ள வித்தியாசத்தை, பில்லில் உள்ள மூட்டைகளின் எடையோடு நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். பல வழக்குகளில் கூடுதல் மூட்டை என்பது தப்பாக எண்ணிய மூட்டையாக இருந்திருக்கிறது. சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் அந்தக் கடிதத்தை இன்றே கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்தை வாங்குங்கள். உங்களோடு உட்கார உடன் வேலை செய்பவர் ஒருவரை அனுமதிக்கும்படியும் கேளுங்கள்.

நடவடிக்கை முற்றி வேலை போய்விட்டால் காலம் கடத்த வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, முன்பிருந்த மூன்று ஆண்டுக் காலவரம்பை இரண்டாகக் குறைத்துவிட்டது. வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் வழக்கு பாழாகிவிடும் என்ற பயமும் தேவையில்லை. குடும்பம் சாப்பிட வேண்டும். வேலையில்லாமல் இருந்த மாதங்களை மட்டும் உண்மையாகக் கணக்கு வையுங்கள். தவறாக நீக்கப்பட்டவருக்கு முழுப் பின்சம்பளத்தோடு வேலை திரும்பக் கிடைப்பதே பொதுவான விதி என்று 2013ஆம் ஆண்டின் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபோது, தான் வேலையில் இல்லை என்பதைத் தொழிலாளி முதலில் சொல்ல வேண்டும், இருந்தார் என்றால் அதை நிரூபிப்பது முதலாளியின் பாடு என்றும் சொல்லியிருக்கிறது.

விசாரணை நாளில் ஒன்றை மறக்காதீர்கள். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் தட்டச்சு செய்த நடவடிக்கைக் குறிப்பை உங்கள் முன் நீட்டுவார்கள். நேரமாகிவிட்டது, கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். முழுவதும் படியுங்கள். நீங்கள் கேட்ட கேள்வி விட்டுப்போயிருந்தால், கேட்ட ஆவணம் தரப்படாமல் இருந்தால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட அதை எழுதி, தேதியும் நேரமும் குறித்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.